விழுங்கும்போது எங்கே, எப்படி? ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகு வரும் தொண்டைக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

என் கணவருக்கு ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) மாற்று நடந்து நான்கு வருடம் ஆகிறது. செல் கொடுத்தது என் நாத்தனார். இந்த நான்கு வருடத்தில் "விழுங்க முடியவில்லை" என்று அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எண்ணவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் காரணம் வேறாக இருந்தது. ஒரு முறை புண், ஒரு முறை பூஞ்சை, ஒரு முறை வெறும் மாத்திரை, கடைசியில் உணவுக்குழாயே சுருங்கிப்போனது. போன முறை பலன் தந்த வைத்தியத்தை இந்த முறையும் செய்து நாட்களை வீணாக்கியிருக்கிறோம். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

எதற்கும் முன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வலிக்கிறதா, சிக்குகிறதா, புரை ஏறுகிறதா? வாயிலா, தொண்டையிலா, நெஞ்சுக்குள்ளா? திட உணவுக்கு மட்டுமா, தண்ணீருக்குமா? "விழுங்க முடியவில்லை" என்று போனில் சொன்னால் "நாளை வாருங்கள்" என்பார்கள். "மூன்று நாளாகத் திட உணவு மார்பெலும்புக்குப் பின்னால் நிற்கிறது, தண்ணீர் இறங்குகிறது" என்று சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும்.

## எதையும் சோதிக்காமல் உடனே கூப்பிட வேண்டியவை

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் (100.4 பாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல். சொந்த எச்சிலையே விழுங்க முடியாமல் வழிவது. மூச்சு இழுக்கும்போது தொண்டையில் சத்தம். முகமோ நாக்கோ வீங்குவது. ரத்த வாந்தி, கறுப்பு மலம், நிற்காமல் கசியும் வாய் ரத்தம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரோ மாத்திரையோ இறங்காதது.

காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அது காய்ச்சலை மறைத்துவிடும், தொற்றைப் போக்காது. முதலில் அளந்து, அப்புறம் கூப்பிட்டு, அவர்கள் சொன்ன பிறகு மாத்திரை.

## செல் ஏற்றிய அன்று தொண்டை கரகரப்பு, வாயில் பூண்டு போல வாடை

உறைய வைத்த செல்களை ஏற்றினால் இது வரும். செல்களைக் காக்கச் சேர்க்கும் டிஎம்எஸ்ஓ என்ற திரவம்தான் காரணம். மிட்டாய் சப்பினால் கொஞ்சம் குறையும், ஓரிரு நாளில் வாடை போய்விடும். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் மட்டும் பக்கத்தில் இருக்கும் நர்ஸிடம் அந்த நிமிடமே சொல்லுங்கள்.

## முதல் சில வாரங்கள்: வாயெல்லாம் புண், எச்சில் விழுங்கினாலே எரிகிறது

மாற்றுக்கு முன் கொடுக்கும் அதிக அளவு கீமோவும் கதிர்வீச்சும் வாயிலிருந்து குடல் வரை உள்தோலை உரித்துவிடுகின்றன. பெரும்பாலும் கீமோ தொடங்கி ஒரு வாரம் போல் ஆகும்போது ஆரம்பித்து, இரண்டாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். புதிய செல்கள் வேர் பிடித்து வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்கியதும் ஆறும். தன் செல்லையே திரும்பப் பெற்றவருக்கும் இது வரும், கொடையாளரிடம் பெற்றவருக்கும் வரும்.

இங்கே நாமே செய்யக்கூடிய முக்கிய வேலை ஒன்றுதான், கொப்பளிப்பது. கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 1 தேக்கரண்டி உப்பு, 1 தேக்கரண்டி சமையல் சோடா. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒரு முறை கொப்பளித்துத் துப்பினால் போதும். தொண்டை வரை விட்டுக் கரகரவென்று இழுக்கத் தேவையில்லை, புண்ணில் தண்ணீர் படுவதுதான் முக்கியம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம். பிரஷ் மிக மென்மையானதாக இருக்கட்டும். பிளேட்லெட் குறைந்திருக்கும் நாட்களில் பிரஷ்ஷா பஞ்சா என்பதை வார்டில் கேட்டுச் செய்யுங்கள்.

வலிக்கு மரப்பு மருந்து தருவார்கள். அது வேலை செய்யும்போது தொண்டையும் மரத்திருக்கும். அந்த நேரத்தில் சாப்பிட்டால் புரை ஏறுவது தெரியாது, கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது. எனவே ஒரு மணி நேரம் பொறுத்துச் சாப்பிட வேண்டும்.

எச்சில் கயிறு மாதிரி கெட்டியாகி, விழுங்கவும் துப்பவும் முடியாமல் குமட்டினால், படுக்கையில் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். உறிஞ்சும் குழாயைக் கேளுங்கள், பெரும்பாலான வார்டுகளில் இருக்கும். என் கணவருக்கு அந்த நான்கு நாள் இரவில் தூக்கம் கிடைத்தது அந்தக் குழாயால்தான்.

எப்போது மருத்துவரிடம்: வலி காரணமாகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினால் அன்றே. மார்பின் போன்ற வலி மருந்துகள் இதற்காகவே இருக்கின்றன. அதைக் கேட்பது பலவீனம் என்று அவர் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நாளில் நீர்ச்சத்து குறைந்ததுதான் மிச்சம். விழுங்கும் வலிக்கு வலி மருந்து, சாப்பாட்டுக்குக் குழாய் அல்லது நரம்பு வழி ஊட்டம் இரண்டுமே தற்காலிகம், இரண்டுமே வழக்கமானவை.

அடுத்த முறை மெல்ஃபலன் என்ற கீமோ மருந்து கொடுக்கப்போகிறார்கள் என்றால், மருந்து ஏறும்போது ஐஸ் துண்டுகளை வாயில் வைத்துக்கொள்ளலாமா என்று முன்பே கேளுங்கள். வாய்க்கு ரத்த ஓட்டம் குறைந்து புண் குறையும்.

## புண் ஆறிய பிறகு மறுபடி வலி: முதலில் வாய்க்குள் பாருங்கள்

டார்ச் எடுங்கள். கைகளைக் கழுவுங்கள். நாக்கு, கன்னத்தின் உள்பக்கம், மேலண்ணம் மூன்றையும் பாருங்கள்.

தயிர்க் கட்டி போன்ற வெள்ளைத் திட்டு, லேசாகத் துடைத்தால் வந்துவிட்டு அடியில் சிவந்திருக்கிறது. அநேகமாகப் பூஞ்சை. ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் எடுப்பவருக்கு இது சகஜம். அழுத்தித் தேய்க்காதீர்கள், ரத்தம் வரும். செயற்கைப் பல் இருந்தால் இரவில் கழற்றி, சுத்தம் செய்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து முடிந்த அடுத்த வாரமே திரும்பும்.

வீட்டில் பழைய ஃப்ளூகோனசோல் மிச்சம் இருக்கிறதே என்று எடுத்துக் கொடுக்கத் தோன்றும். வேண்டாம். பூஞ்சை மருந்துகள் பல டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற எதிர்ப்புக் குறைப்பு மருந்துகளின் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பவை) அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். சிறுநீரகம் அடி வாங்கும். மருத்துவர் எழுதினால் அந்த அளவையும் சேர்த்தே மாற்றுவார்.

வெள்ளை நிறத்தில் வலைப்பின்னல் போன்ற கோடுகள், துடைத்தாலும் போகவில்லை. கொடையாளர் செல் பெற்றவர் என்றால், இது அநேகமாக ஜிவிஎச்டி. புது செல்கள் பழைய உடம்பை அந்நியமாகப் பார்த்துத் தாக்குகின்றன. பல மாதம் கழித்துக்கூட வரும். கூடவே காரம், புளிப்பு, சில சமயம் புதினா டூத்பேஸ்ட்கூட எரியும். அதனால் பேஸ்ட்டை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் மாற்றியதோடு நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் பார்த்த பிறகு ஸ்டீராய்டு கொப்பளிப்பு தருவார். நான்கைந்து நிமிடம் வாயில் வைத்துத் துப்பி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் துப்பிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று நாங்களே சொல்லியிருக்கிறோம்.

சின்னச் சின்னக் குழிப்புண்கள், கூட்டமாக. ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். தடுப்பு மருந்தாகக் கொடுத்த அசைக்ளோவிர் தவறியிருக்கிறதா என்று மாத்திரைப் பெட்டியில் எண்ணிப் பாருங்கள். அந்தத் தகவல் மருத்துவருக்கு உதவும்.

ஒரே இடத்தில் ஒரு புண் அல்லது தடிப்பு, மூன்று வாரம் ஆகியும் ஆறவில்லை. காத்திருக்காமல் காட்ட வேண்டும். கொடையாளர் செல் பெற்றவர்களுக்கு வாய்ப் புற்றின் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். சின்ன திசுப் பரிசோதனை போதும்.

## வாய் சுத்தமாக இருக்கிறது, ஆனால் விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலி

வாயில் எதுவும் இல்லை என்றால் தொண்டைக்குக் கீழேயும் எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. எளியதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் மாத்திரை. நேற்று இரவு படுக்கையில் சாய்ந்தபடி இரண்டு வாய்த் தண்ணீரில் எதையாவது விழுங்கினாரா? பொட்டாசியம் மாத்திரை, டாக்சிசைக்ளின், எலும்புக்காகத் தரும் அலென்ட்ரோனேட் ஆகியவை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தையே அரித்துவிடும். விழுங்கியபோது ஒட்டிய மாதிரி இருந்து, மறுநாள் அதே இடத்தில் வலித்தால் இதைத்தான் சந்தேகப்படுவேன். முழு டம்ளர் தண்ணீர், நேராக உட்கார்ந்து, பிறகு அரை மணி நேரம் படுக்காமல் இருப்பது. இதைச் செய்த பிறகும் இரண்டு நாளில் குறையவில்லை என்றால் அடுத்ததுக்குப் போக வேண்டும்.

அடுத்து எதுக்களிப்பு. படுத்தால் எரிகிறது, காலையில் வாய் புளிக்கிறது, குரல் கரகரக்கிறது என்றால் அமிலம். தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். ஆனால் கடையில் ஆன்டாசிட் வாங்கிக் குடிப்பதற்கு முன் கேளுங்கள். மக்னீசியம், அலுமினியம் கலந்தவை, மைக்கோஃபெனலேட் என்ற எதிர்ப்புக் குறைப்பு மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சில அமிலக் குறைப்பு மாத்திரைகளுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு.

இரண்டும் இல்லை என்றால், உணவுக்குழாய்க்குள் பூஞ்சை, ஹெர்பிஸ், சைட்டோமெகலோ வைரஸ், ஜிவிஎச்டி என்று பட்டியல் நீளும். வெளியிலிருந்து இவற்றைப் பிரித்தறிய வீட்டில் எந்தச் சோதனையும் கிடையாது. எண்டோஸ்கோப்பியில் (கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டு) பார்த்து, சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். குமட்டலும் பசியின்மையும் சேர்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். மேல் குடலில் வரும் ஜிவிஎச்டி அப்படித்தான் ஆரம்பிக்கும்.

## வாய் வறண்டு உணவு உருளவே மாட்டேன் என்கிறது

உணவு இங்கே சிக்கவில்லை, ஈரமில்லாமல் நகரவில்லை, அவ்வளவுதான். வித்தியாசம் எளிது: ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். உமிழ்நீர்ச் சுரப்பியைக் கதிர்வீச்சோ ஜிவிஎச்டியோ பாதித்திருக்கலாம். சில மருந்துகளும் வாயை உலர்த்தும், எனவே முதலில் மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள்.

குழம்போ சாறோ கலந்து ஈரமாகச் சாப்பிடுவது, அடிக்கடி சிறு வாய்த் தண்ணீர், சர்க்கரை இல்லாத மெல்லும் பசை, செயற்கை உமிழ்நீர் ஜெல். ஈரப்பதக் கருவி வைத்தால் தினமும் கழுவுங்கள், அழுக்கான தொட்டி பூஞ்சைக்கு வீடு. இவை போதவில்லை என்றால் உமிழ்நீரைச் சுரக்க வைக்கும் பைலோகார்பின் போன்ற மாத்திரைகள் உண்டு, ஆனால் ஆஸ்துமாவோ சில வகைக் கண் அழுத்த நோயோ இருந்தால் பொருந்தாமல் போகலாம்.

உமிழ்நீர் இல்லாத வாயில் பல் மிக வேகமாகச் சொத்தையாகும். என் கணவருக்கு ஒரே வருடத்தில் ஆறு பல். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவர், வீட்டில் ஃப்ளூரைடு பேஸ்ட் இரண்டும் முதல் நாளிலிருந்தே தேவை. எங்களுக்கு யாரும் இதை அழுத்திச் சொல்லவில்லை, அதனால் நான் அழுத்திச் சொல்கிறேன்.

## திட உணவு தொண்டையிலோ நெஞ்சிலோ நிற்கிறது

இந்த அறிகுறியில்தான் நாங்கள் அதிக காலம் ஏமாந்தோம். மாற்றுக்குப் பின் இரண்டாவது வருடம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சாப்பிட நேரம் மட்டும் கூடிக்கொண்டே போனது. இருபது நிமிடச் சாப்பாடு ஐம்பது நிமிடம் ஆனது. ரொட்டியை விட்டார், அப்புறம் இறைச்சியை விட்டார், அப்புறம் எல்லாவற்றையும் கரைத்துக் குடிக்கத் தொடங்கினார். அவராகவே பழகிக்கொண்டதால் எனக்கும் அது கோளாறாகவே தெரியவில்லை. எடை ஆறு கிலோ குறைந்த பிறகுதான் கேட்டோம். காரணம் உணவுக்குழாயின் மேல்பகுதியில் மெல்லிய சவ்வு போன்ற சுருக்கம், நாள்பட்ட ஜிவிஎச்டியின் அடையாளம்.

சோதித்துப் பார்க்க வேண்டியவை இவை. சாப்பிட எத்தனை நிமிடம் என்று ஒரு வாரம் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். எடையை வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் பாருங்கள். எந்த உணவுகளை அவர் தாமாக விட்டுவிட்டார் என்று கேளுங்கள், பதில் உங்களை ஆச்சரியப்படுத்தும். சிக்கும் இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள், ஆனால் அதை முழுக்க நம்ப வேண்டாம். கீழே அடைத்திருந்தாலும் பலருக்குக் கழுத்தில் நிற்பது போலத்தான் தோன்றும்.

திட உணவில் தொடங்கி மெல்ல மெல்ல மென்மையான உணவுக்கும் வந்திருந்தால், குழாய் சுருங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நாள் கணக்கில் விடாதீர்கள், இந்த வாரமே நேரம் வாங்குங்கள்.

திடமும் திரவமும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாகச் சிக்கினால், தசை அசைவில் கோளாறு இருக்கலாம். கூடவே நாற்காலியிலிருந்து எழ, படியேறத் தொடைகளில் வலுவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

சிக்கிய உணவு இறங்கவே இல்லை, எச்சிலும் வெளியே வருகிறது என்றால், இது அவசரம். தண்ணீரையோ இன்னொரு கவளத்தையோ கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள். நேரே அவசரப் பிரிவு.

மருத்துவமனையில் ஒரு கேள்வியை நீங்களே கேட்கலாம்: "எண்டோஸ்கோப்பிக்கு முன் பேரியம் விழுங்கி எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?" (பேரியம் என்பது எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைத் திரவம்.) மேலே மெல்லிய சவ்வு இருந்தால் தெரியாமல் குழாயை உள்ளே விடும்போது அது கிழிய வாய்ப்புண்டு, முன்பே தெரிந்தால் கவனமாகச் செல்வார்கள். சுருக்கத்தை எண்டோஸ்கோப்பி வழியாக விரித்துவிடலாம். ஒரே தடவையில் முடிவது அரிது, எங்களுக்கு நான்கு தடவை ஆனது. முதல் தடவைக்குப் பிறகு அவர் சாதாரண உணவை மென்று விழுங்கி, எதுவும் நடக்காதது போல என்னைப் பார்த்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

விரித்த பிறகு முதல் ஒரு நாள் கவனமாக இருங்கள். நெஞ்சிலோ முதுகிலோ கடும் வலி, காய்ச்சல், மூச்சுத் திணறல், கழுத்தில் வீக்கத்தைத் தொட்டால் நொறுநொறுவென்ற உணர்வு என எது வந்தாலும் உடனே திரும்பிப் போக வேண்டும். குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம்.

அலென்ட்ரோனேட் மாத்திரை எடுப்பவர் என்றால், சிக்குவது தொடங்கிய அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். சுருங்கிய குழாயில் அந்த மாத்திரை கூடாது, நரம்பு வழியாகத் தரும் மாற்று உண்டு.

## தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது

திட உணவு சரியாக இறங்கி, தண்ணீருக்கு மட்டும் இருமல் வருவது பலரைக் குழப்பும். தண்ணீர் வேகமாக ஓடும், களைத்த தொண்டைத் தசைக்கு மூச்சுக்குழலை மூட நேரம் கிடைப்பதில்லை. ஐசியூவில் சுவாசக் குழாய் வைத்திருந்தவர்களுக்கும், நீண்ட நாள் படுக்கையில் கிடந்து தசை கரைந்தவர்களுக்கும் இது வரும்.

முதலில் உட்காரும் விதத்தைப் பாருங்கள். நேராக நிமிர்ந்து, கால் தரையில், சிறு சிறு வாயாக, பேசாமல். சாப்பிட்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். இதிலேயே நின்றுவிட்டால் நல்லது.

நிற்கவில்லை என்றால் குடித்த பிறகு "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் ஈரமாக, குழைந்து கேட்டால் தண்ணீர் இன்னும் குரல்வளைக்கு மேலே நிற்கிறது. அதோடு காரணமில்லாத காய்ச்சல், சளி, மூச்சிரைப்பு வந்து வந்து போகிறதா என்று பாருங்கள். சிலருக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் போகும், அதனால் இருமல் இல்லாததை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தக் கட்டத்தில் விழுங்கும் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எக்ஸ்ரே வீடியோவிலோ மூக்கு வழிக் கேமராவிலோ பார்த்து எங்கே தவறுகிறது என்று சொல்வார்கள். தாடையைத் தாழ்த்தி விழுங்குவது, தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி கலப்பது எல்லாம் ஒருவருக்கு உதவுவது இன்னொருவருக்குத் தீங்காகலாம். அந்தப் பரிசோதனைக்கு முன் நீங்களாகச் செய்யாதீர்கள்.

## மாத்திரை மட்டும் இறங்கவில்லை

சாப்பாடு ஒரு நாள் தவறினால் பரவாயில்லை. எதிர்ப்புக் குறைப்பு மருந்து தவறக் கூடாது. இரண்டில் எதற்கு முதலில் பாடுபடுவது என்று யோசித்தால், எப்போதும் மருந்துக்குத்தான்.

கைக்குத் தோன்றும் முதல் வழி பொடி செய்வது. அதற்கு முன் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். மெதுவாகக் கரையும் டாக்ரோலிமஸ், உறையிட்ட மைக்கோஃபெனாலிக் அமிலம், தாமதமாகக் கரையும் பொசகோனசோல், பொட்டாசியம் ஆகியவற்றை உடைக்கவோ திறக்கவோ கூடாது. மைக்கோஃபெனலேட் தூளை நீங்கள் சுவாசிப்பதும் தொடுவதும்கூட நல்லதல்ல, கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்கள் குறிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

பல மருந்துகளுக்குத் திரவ வடிவம் இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். சைக்ளோஸ்போரின் திரவத்தைக் கலப்பதற்குக் கண்ணாடி டம்ளர்தான், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பம்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் சாற்றில் எந்த மருந்தையும் கலக்காதீர்கள், ரத்தத்தில் அளவைக் கூட்டிவிடும். திரவத்துக்கு மாறும்போது அளவு அப்படியே இருக்காது, அதனால் மாற்றிய பிறகு ரத்தப் பரிசோதனை எப்போது என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை விழுங்கியதும் வாந்தி எடுத்துவிட்டால், இன்னொன்று கொடுப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு விழுங்கினார், எத்தனை நிமிடம் கழித்து வந்தது, வாந்தியில் மாத்திரை முழுதாகத் தெரிந்ததா என்று குறித்து வைத்துக்கொண்டு ஸ்டெம் செல் மாற்று செய்த மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். இரவு இரண்டு மணியானாலும் சரி, அந்த அவசர எண் இதற்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.